டோனியைத் தேடுங்கோ, பிறகு காரைத் தேடுவம்

பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எங்கட தலைமுறைக்கு அது யூடியூபில் பார்க்கிற ஒரு விஷயம். சிவப்புக் கார், மலைப்பாதை, என்ஜின் சத்தம். கடைசியில் ஏல விலை. 2018 இல் கலிபோர்னியாவில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 48 மில்லியன் டொலருக்கு மேல் போனது. 1962 இலிருந்து 1964 வரை மொத்தமே 36 கார்தான் செய்தவை, அதாலதான் அந்த விலை என்று சொல்லுவினம். சரி. ஆனால் இந்தக் கதையில் ஒரு ஆளைக் காணேல்லை. இவ்வளவு காலமும் அந்தக் காரை ஓடுற நிலையில் வைச்சிருந்த மெக்கானிக் எங்க?

நாங்கள் சொல்ல வாறது இதுதான். பழைய காரை வாங்கக் காசு போதும். அதை வைச்சிருக்க ஒரு மனிசரின்ர கை வேணும். அந்தக் கைக்கு விலை போடாத வரைக்கும் கிளாசிக் கார் பற்றின கதை எல்லாம் அரைவாசிக் கதைதான்.

ஃபெராரி 308ஐ எடுங்கோ. 1975 இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த கார். கனகாலமாக "மலிவான ஃபெராரி" என்று பெயர் எடுத்தது. விளம்பரத்தில் "குறைஞ்ச தூரம் ஓடினது, கராஜிலேயே வைச்சிருந்தது" என்று போட்டால் எங்களுக்கு வாய் ஊறும். உண்மையில் அந்த வசனத்தைக் கண்டால்தான் பயப்பட வேணும். இந்த என்ஜினின்ர கேம்ஷாஃப்டுகளை ஓட்டுறது இரண்டு ரப்பர் பெல்ட். ரப்பர் கிலோமீற்றரை மட்டும் பார்த்து வயசு போறதில்லை. கார் ஓடினாலும் ஓடாட்டிலும் சில வருஷத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணும். மாத்தாமல் விட்டு, ஒரு பெல்ட் அறுந்தால் வால்வ் போய் பிஸ்டனில் அடிக்கும். பிறகு நீங்கள் திருத்தப் போறது பெல்டை இல்லை, என்ஜினை.

ஓடாமல் நிற்கிற காரில் இன்னும் பல வியாதி வரும். சீல்கள் காய்ஞ்சு எண்ணெய் கசியும். பிரேக் இறுகிப் பிடிக்கும். தாங்கியில் கிடந்த பெற்றோல் பிசின் மாதிரிக் கெட்டு காபரேட்டரை அடைக்கும். இதே பெல்ட் வேலைக்கு 1984 இல் வந்த டெஸ்டரோசாவில் என்ஜினையே கழட்டி வெளியில் எடுக்க வேணும். ஆகவே விலைச்சீட்டைப் பார்க்க முதல் பில் கட்டைக் கேளுங்கோ. பெல்ட் எப்ப மாத்தினது, ஆர் மாத்தினது? பதில் இல்லாத மலிவுக் கார்தான் ஆகக் கூடின விலைக் கார்.

"உதெல்லாம் பணக்காரரின்ர பொம்மை, எங்களுக்கேன்?" என்று நீங்கள் கேட்கலாம். ஃபெராரிக்கு அது சரி. ஆனால் இத்தாலி என்றால் ஃபெராரி மட்டும் இல்லை. 1966 இல் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரும் ஃபியட் 124 ஸ்பைடரும் வந்தன. இரண்டுக்கும் உருவம் கொடுத்தது பினின்ஃபரீனா. ஃபியட்டின் என்ஜினை வடிவமைச்ச அவுரேலியோ லாம்பிரெடி முன்பு ஃபெராரியில் என்ஜின் செய்தவர். அந்த ஃபியட் 1985 வரை கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் செய்யப்பட்டது. கோடீஸ்வரர் இல்லாத ஆக்களும் வாங்கி ஓடின கார்கள் இவை. கனக்கச் செய்தபடியால் இப்பவும் உதிரிப்பாகம் எடுக்கலாம்.

இவற்றின்ர முதல் எதிரி கறள். ஆல்ஃபா ஸ்பைடரில் பெயின்ட் மினுங்கும், கதவுக்குக் கீழ இருக்கிற ஓரத் தகடும் கால் வைக்கிற தளமும் உள்ளுக்குள்ள உக்கிப் போயிருக்கும். ஒரு காந்தத்தைக் கொண்டு போய் வைச்சுப் பாருங்கோ. பிடிக்கேல்லை என்றால் அங்க இருக்கிறது தகடு இல்லை, பூசி மறைச்ச பசை. ஓடிப் பார்க்கேக்க மூன்றாம் கியரில் இருந்து இரண்டுக்கு இறக்குங்கோ. கரகர என்று அரைச்சால் கியர்பொக்ஸைத் திறக்க வேண்டி வரும். என்ஜினைத் திருத்திறது கஷ்டமாக இருந்தாலும் கணக்குப் பார்க்கலாம். கறளுக்கு வெட்டி ஒட்டத் தொடங்கினால் எங்க முடியும் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இரண்டாவது எதிரி கறளை விட மோசம்: தெரியாமல் கை வைக்கிறது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக அங்க போன ஆல்ஃபாக்களில் 1969 இலிருந்து 'ஸ்பிக்கா' என்ற இயந்திர எரிபொருள் பம்பைப் பூட்டினவை. டீசல் பம்பின் வேலைமுறையை ஒத்தது. நல்லாச் செட் பண்ணினால் அருமையாக ஓடும். ஆனால் அதைச் செட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் குறைவு. தெரியாதவர்கள் கண்டபடி திருகினார்கள், கார் ஒழுங்காக ஓடேல்லை, கடைசியில் பம்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வெபர் காபரேட்டர் பூட்டினார்கள். பழி பம்புக்கு. குறைஞ்சது அறிவு.

ஃபியட்டுக்கும் அங்க ஒரு பகிடி இருந்தது. அந்த நாலு எழுத்துக்கும் 'ஃபிக்ஸ் இட் அகெய்ன், டோனி' என்று விரிவு சொல்லிச் சிரிப்பினம். 'டோனி, திரும்பவும் திருத்து.' எல்லாரும் காரைப் பார்த்துத்தான் சிரிச்சவை. எங்களுக்கோ டோனியைத்தான் கேட்க வேணும் போல இருக்கு. அவர் ஆர்? திரும்பத் திரும்பத் திருத்தத் தெரிஞ்ச அந்த ஆள் இல்லாட்டில் அந்தக் கார்களில் எத்தனை இண்டைக்கு மிஞ்சியிருக்கும்?

டோனியை எங்களுக்குத் தெரியும். பெயர்தான் வேற. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் நிற்கேல்லை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினவை. அழுத்தம் குறைஞ்ச பழைய என்ஜின் என்றபடியால் தாங்கினது. புகை அடிச்சது, பிளக் கரி பிடிச்சது. அதை எல்லாம் கழட்டிக் கழுவித் திரும்பப் பூட்டி ஓட வைச்சவர்கள் எங்கட கராஜ்காரர்கள். ஏலக்காரர் 'கிளாசிக் பராமரிப்பு' என்று சொல்லி டொலரில் விக்கிற திறமைக்கும் அவர்களின்ர திறமைக்கும் இனத்தில் வித்தியாசம் இல்லை. மரியாதையில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை உண்டாக்கிறதும் நாங்கள்தான். ஓஎல் சரிவராட்டில் "கராஜுக்குப் போ" என்று பேசுற வீடுகள் எங்கட ஊரில் எத்தனை? அதே வீட்டுப் பிள்ளை இரவிரவாக ஃபெராரி ரெஸ்டோரேஷன் வீடியோ பார்க்கும். கையில் கிறீஸ் பூசின வெள்ளைக்காரன் கலைஞன், கையில் கிறீஸ் பூசின எங்கட அண்ணை படிக்காதவர். இது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டில் இருக்கிற எங்கட வயசு ஆக்களில் சிலருக்கு ஒரு பழைய ஸ்பைடர் வாங்கிறது நடக்காத கனவு இல்லை. அவர்களுக்கு எங்கட வேண்டுகோள்: அந்தக் காரை அறிஞ்ச மெக்கானிக்கை முதலில் தேடுங்கோ. வாங்க முதல் அவருக்குக் காசு கொடுத்துக் காரைக் காட்டுங்கோ. விலையில் பேரம் பேசுங்கோ, அவரின்ர கூலியில் பேசாதேயுங்கோ. முதல் வருஷத் திருத்தத்துக்கு ஒரு தொகையைப் புறம்பாக வையுங்கோ. வாங்கினால் மூடி வைக்காமல் ஓடுங்கோ.

இங்க இருக்கிற எங்களுக்கு வேற வேலை இருக்கு. மண்ணெண்ணெயில் கார் ஓட்டின தலைமுறைக்கு வயசு போகுது. காபரேட்டரைச் சத்தத்தில் செட் பண்ணத் தெரிஞ்சவர்கள் ஒவ்வொருத்தராக் கடையைப் பூட்டினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் நிண்டு, அவர்கள் சொல்லுறதை எழுதி, வீடியோ எடுத்து வைக்க எங்களால் ஏலும். அதுக்கு இத்தாலிக் காரும் தேவையில்லை, மில்லியன் டொலரும் தேவையில்லை.