பவுலும் சின்னப்பனும்

'தூய தமிழ்ப் பெயர் வையுங்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சின்னப்பன் தமிழ்ப் பெயரா, இல்லையா?

தமிழ்தான் என்பீர்கள். ஆனால் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது லத்தீன் 'பவுலுஸ்' என்பதன் மொழிபெயர்ப்பு. பவுலுஸ் என்றால் சிறியவன். அந்தக் காலத்தில் வேதம் சொன்னவர்கள் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். புனித பவுல் சின்னப்பர் ஆனார். 'கடவுள் அருளினார்' என்று எபிரேயத்தில் பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். கப்பலேறி மலாயா வந்த நம்மவர்களோடு இந்தப் பெயர்களும் வந்தன.

இன்று பினாங்கில் சின்னப்பனின் பேரனுக்குப் பால் என்று பெயர் வைக்கிறார்கள். கேட்டால், "சின்னப்பன்னா தோட்டத்துப் பேரு மாதிரி இருக்கு" என்கிறார்கள். அடையாள அட்டையில் 'பால் அனாக் லெலாக்கி சின்னப்பன்' என்று இருந்தால் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்று அர்த்தம். எத்தனை பேருக்கு இது தெரியும்? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்திலேயே சின்னப்பர் போய்ப் பவுல் வந்தாயிற்று.

தூய்மை பேசுகிறவருக்குப் பவுல் அந்நியன். நாகரிகம் பேசுகிறவருக்குச் சின்னப்பன் பட்டிக்காட்டான். இரண்டு பேரும் வெளியே தள்ளுவது ஒரே ஆளைத்தான்.

பவுல் என்றே வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தாத்தா பெயரைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அவ்வளவுதான். லத்தீனை வாங்கி அப்பன் முறை வைத்துக் கூப்பிட்ட மொழி இது. அதற்குக் காவல்காரன் எதற்கு?