முதலில் எடைக் கணக்கு, பிறகு அலங்காரம்

சின்ன ஜீப்பைக் காட்டுப் பாதைக்குத் தயார் செய்ய நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எத்தனை இன்ச் தூக்கலாம்? எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். வண்டி எங்கே போகப்போகிறது, யார் உட்காரப்போகிறார்கள், என்ன ஏற்றப்போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வாங்கவேண்டிய பட்டியலில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

என் அக்கா மகன் அண்மையில் பழைய சுசுக்கி ஜிம்னி ஒன்று வாங்கியிருக்கிறான். 1.3 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். ரவூப் பக்கம் மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு சிறிய டுரியான் தோட்டம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் உரமூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து மேலே போகவேண்டும். கையில் இருப்பது 10,000 ரிங்கிட். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 31 இன்ச் டயர், 3 இன்ச் லிஃப்ட், வின்ச், இரும்பு பம்பர், ரூஃப் ரேக், வரிசையாக விளக்குகள். "எதை மாமா முதல்ல போடுறது?" என்று கேட்டான். "முதல்ல பேனாவை எடுடா" என்றேன்.

ஜிம்னியின் வெறும் எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். ஆளும் சரக்கும் சேர்ந்து அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 350 கிலோ. அம்மாவும் மகனும் 140 கிலோ. உரமூட்டை ஒன்று 50 கிலோ என்றால் நான்கு மூட்டைக்கு 200 கிலோ. ஆகமொத்தம் 340. கணக்கு அங்கேயே நிரம்பிவிட்டது. இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் ரேக் மூன்றும் சேர்ந்து சுலபமாக 100 கிலோவைத் தொடும். அவற்றை மாட்டினால் இரண்டு மூட்டை உரம் வீட்டிலேயே தங்கவேண்டியதுதான். இல்லை, எல்லாவற்றையும் ஏற்றுவேன் என்றால் அந்தச் சுமை பிரேக்கின் தலையில் விழும். செம்மண் சரிவில் மழைக்குப் பிறகு இறங்கும்போது அது என்ன பாடு படும் என்று தோட்டத்துப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது டயர். இந்த ஜிம்னியோடு வரும் 205/70 ஆர்15 டயரின் உயரம் 668 மில்லிமீட்டர். 31 இன்ச் டயர் 787 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 18 விழுக்காடு பெரியது. அச்சுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி அதில் பாதி, அதாவது 60 மில்லிமீட்டர்தான். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ 15 விழுக்காடு பலவீனமாகிவிடும். சின்ன எஞ்சின், மேட்டில் மூச்சு வாங்கும். மீட்டர் 90 காட்டும்போது வண்டி 106-ல் ஓடிக்கொண்டிருக்கும். சம்மன் வந்தபிறகுதான் தெரியும். இழந்த பலத்தை மீட்க டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் மாற்றவேண்டும். அது தனிச் செலவு.

215/75 ஆர்15 போட்டால் உயரம் 703 மில்லிமீட்டர். ஐந்து விழுக்காடுதான் கூடுகிறது. நல்ல சேற்றுப்பல் உள்ள டயராக இருந்தால் டுரியான் தோட்டத்துக்கு அது போதும். சேற்றில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தட்டையாகப் படிந்து பிடிக்கும். காசு செலவில்லாத மாற்றம் இது. தார் சாலைக்குத் திரும்பும்போது காற்றை ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் மட்டும் வண்டியில் இருக்கட்டும்.

லிஃப்டுக்கு வருவோம். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 3 இன்ச் தூக்குகிறவர்கள் பல பேர். ஜிம்னியின் முன் அச்சு நீண்ட கைகளில் தொங்குகிறது. உடலைத் தூக்கும்போது அந்தக் கைகளின் கோணம் மாறி, ஸ்டியரிங் தானாக நேராகும் குணத்தை இழக்கும். அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் பன்ஹார்ட் ராட், அச்சையே ஒரு பக்கம் தள்ளிவிடும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும். இவற்றோடு கிங்பின் பேரிங்கும் தேய்ந்திருந்தால், 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் வெடவெடவென்று ஆடும். அந்த நடுக்கத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே லிஃப்ட் வேண்டுமென்றால் 2 இன்ச்சோடு நிறுத்துங்கள். கோணத்தைச் சரிசெய்யும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராட், நீண்ட பிரேக் ஹோஸ் மூன்றையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை இது. முதலில் சேசிஸில் துரு பார்ப்பது. பழைய ஜிம்னிக்கு அதுதான் புற்றுநோய். பிறகு பிரேக், கிங்பின் பேரிங், புஷ், ஷாக். அதற்குப் பிறகு வேக்குவம் ஹப் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று சோதிப்பது. அது பிடிக்காவிட்டால் முன்சக்கரத்துக்குப் பலம் போகாது; ஃபோர்வீல் என்பது பெயருக்குத்தான். பிறகு டயர். டிஃப்பின் மூச்சுக்குழாயை மேலே நீட்டிவைத்தால் ஓடையில் இறங்கும்போது தண்ணீர் உள்ளே போகாது. மீதிப் பணம் இருந்தால் பின் டிஃப்புக்கு ஒரு லாக்கர். சாதாரண டிஃப்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மற்றச் சக்கரம் வேடிக்கை பார்க்கும். லாக்கர் இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும். பம்பரும் விளக்கும் கடைசி.

வின்ச் இல்லாமல் மாட்டிக்கொண்டால்? சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய இழுவைக் கொக்கிகள் முன்னும் பின்னும், ஒரு நல்ல இழுவைப் பட்டை, கூடவே இன்னொரு வண்டி. இவை போதும். ஆனால் இழுவைப் பட்டையை டிரெய்லர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உருண்டை உடைந்தால் அது பீரங்கிக் குண்டுபோல் பறந்துவரும். உயிர்கள் அப்படிப் போயிருக்கின்றன. இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்களைப் பட்டையின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பட்டறைக்காரர் "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்பார். ஜேபிஜேயில் நேரில் கேட்டுவிட்டுக் கையை வையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டையே கேள்விக்குறியாக்கிவிடலாம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைவதானால் வன இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

அக்கா மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரிய டயரில் படம் எடுத்துப் போடவேண்டும் என்று ஆசை. அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது! ஆனால் அந்த இடது பக்க இருக்கையில் உட்காரப்போவது என் அக்கா. அதைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை. ரூஃப் ரேக்கைப் பட்டியலிலிருந்து அவனே அடித்துவிட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன ஜீப் நிற்கிறதா? பட்டறைக்குப் போவதற்குமுன் ஒரு தாளை எடுங்கள். இடது பக்கம் வண்டி தாங்கும் எடையை எழுதுங்கள். வலது பக்கம் ஆள், சரக்கு, மாட்டப்போகும் பொருள் எல்லாவற்றின் எடையையும் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுங்கள். வலது பக்கம் அதிகமானால், எதை விடுவது என்று அந்தத் தாளிலேயே முடிவு செய்யுங்கள். மலைச்சரிவில் வைத்து முடிவு செய்ய நேரம் கிடைக்காது.

அடுத்த வாரம்: பழைய ஃபோர்வீல் வாங்கும்போது சேசிஸில் எங்கெங்கே தட்டிப் பார்க்கவேண்டும்?