அடுத்தவர் சொல்லை அறிவித்தது போதும்

2011 செப்டம்பரில் சீனாவின் ஆர்டோஸ் நகரில் முதலாவது ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கிப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆட்ட நேரம் முடிந்தும் எந்த அணியும் கோல் போடவில்லை. பெனால்டி வாய்ப்பில் இந்தியா 4-2 என்று வென்றது. வெற்றியை உறுதி செய்த கோலை அடித்தவர் யுவராஜ் வால்மீகி. அப்போது அவருக்கு வயது 21.

கோப்பையோடு அவர் திரும்பிய வீடு தெற்கு மும்பையின் மரைன் லைன்ஸ் பகுதியில் இருந்தது. அது மின் இணைப்பே இல்லாத ஒரு சிறு குடில். அப்பா ஓட்டுநர். ஆசியாவின் சாம்பியன் பிறந்து வளர்ந்தது மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் என்ற செய்தி நாளிதழ்களில் வந்த பிறகே அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அந்த வெற்றிக்காக ஹாக்கி இந்தியா அமைப்பு ஒவ்வொரு வீரருக்கும் அறிவித்த பரிசு 25,000 ரூபாய். அது தங்கள் உழைப்புக்கு ஈடாகாது என்று வீரர்கள் வாங்க மறுத்தார்கள்.

வால்மீகி என்பது வட இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகத் தூய்மைப் பணிக்குள் தள்ளப்பட்ட மக்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரோடு யுவராஜ் இந்தியாவுக்காக ஆடினார். அவருடைய தம்பி தேவிந்தர் வால்மீகி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே 2016இல் யுவராஜ் தொலைக்காட்சிக்கு வந்தார். 'கத்ரோன் கே கிலாடி' என்ற இந்தி சாகச நிகழ்ச்சியில் போட்டியாளராகப் பங்கேற்றார். பின்னர் ஹாக்கி ஒளிபரப்புகளில் ஆட்டத்தை விளக்கிச் சொல்லும் வர்ணனையாளராகவும் ஆனார்.

ஒரு விளையாட்டு வீரர் தொலைக்காட்சிக்குப் போவதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று கேட்கலாம். உலகம் முழுவதும் நடப்பதுதான். ரியோவில் பிரிட்டன் மகளிர் ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய சாம் குவெக் பிறகு பிபிசி நிகழ்ச்சிகளின் தொகுப்பாளர் ஆனார். நம் ஊரில் ஓய்வு பெற்ற கிரிக்கெட் வீரர்கள் வர்ணனை அறையை நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் யுவராஜ் கடந்த தூரம் வேறு. சாகச நிகழ்ச்சி அவரிடம் கேட்டது உடலையும் துணிச்சலையும். வர்ணனை அறை கேட்டது அறிவையும் சொல்லையும். ஒரு தாழ்த்தப்பட்ட பிள்ளையின் உடலை இந்தச் சமூகம் எப்போதும் கூப்பிட்டிருக்கிறது. அவருடைய கருத்தைக் கூப்பிட்டதுதான் அபூர்வம்.

காவிரிப் படுகையில் இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றுப் பறிக்க, நடவு நட, களம் அடிக்க, மூட்டை சுமக்க நம் உடல் வேண்டும். கூலி எவ்வளவு என்று நாம் வாய் திறந்தால் ஊர் கொதிக்கும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது, அவர்கள் வேலை செய்யாததால் அல்ல. கூலி உயர்வு கேட்டுப் பேசிய சேரி என்பதால்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முன் ஊருக்குச் செய்தி அறிவித்தவர்கள் யார்? பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் தண்டோரா போட்டவர்கள் நம் தாத்தாக்கள்தான். அந்தக் காலத்துச் செய்தி அறிவிப்பாளர்கள் அவர்களே. ஆனால் அறிவித்த செய்தி அவர்களுடையதல்ல. மணியக்காரர் சொன்னதை, பண்ணையார் சொன்னதை, பஞ்சாயத்து சொன்னதை உரக்கச் சொல்ல வேண்டும். தங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை அந்தப் பறையை அடித்துச் சொல்ல முடியாது. இந்த வழக்கத்துக்குத் தடை விதிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். குரல் நம்முடையது, சொல் அடுத்தவருடையது என்ற நிலை அவ்வளவு காலம் நீடித்தது.

இன்றைய தொலைக்காட்சி மாறிவிட்டதா? ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள், வார மாத இதழ்கள் ஆகியவற்றின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இந்தி, ஆங்கில விவாத நிகழ்ச்சிகளை நடத்தியவர்களிலும் தலித் ஒருவரும் இல்லை. நம்மைப் பற்றிய விவாதம் நடக்கும். அதை நடத்துகிறவர் நாமாக இருக்க மாட்டோம்.

நம்மவர் பேச இடமில்லாத திரையில் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடலைப் பற்றி நாடெங்கும் தொலைக்காட்சிகள் பேசின. அவரைப் பேசவிட்டவை குறைவு. அன்றைய தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். 2012இல் அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு பயிற்சியாளர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது. தொலைக்காட்சியில் தன் நியாயத்தைச் சொல்ல ஓர் இருக்கை கிடைக்கவில்லை.

ஹாக்கியிலும் இதே கதைதான். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் அவ்வாறு செய்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார் வந்தனா கட்டாரியா. சில நாளில் அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாதில் அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து ஆடி, அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் தோல்வி என்று சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கோல் போட்டால் இந்தியாவின் மகள். தோற்றால் சேரியின் மகள்.

மைதானத்தில் ஒரு நியாயம் உண்டு. பந்து கோட்டைத் தாண்டினால் கோல்தான். அடித்தவர் எந்தத் தெரு என்று பந்துக்குத் தெரியாது. அணித் தேர்வில் பாகுபாடு இருக்கலாம், ஆனால் விழுந்த கோலை மறைக்க முடியாது. தொலைக்காட்சியில் அப்படிப்பட்ட கோடு இல்லை. முகம் எடுபடுமா, நிறம் எப்படி, பேச்சு எப்படி என்று ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார். "உச்சரிப்பு சரியில்லை" என்ற ஒரே வார்த்தையில் கிராமத்துப் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

உச்சரிப்பைப் பற்றித் தமிழ் படித்தவர்களாக நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு பிறப்பால் வருவதல்ல. பயிற்சியால் வருவது. மூன்று மாதம் நாள்தோறும் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தால் எந்தத் தெருப் பிள்ளைக்கும் அது வசப்படும். தஞ்சை வட்டாரப் பேச்சு கொச்சையும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. நடவு வயலில் குலவையிட்டால் நாலு வயல் தாண்டிக் கேட்கும் குரல் நம் பெண்களுக்கு உண்டு. குரல் இல்லாதவர்கள் அல்ல நாம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். விளையாட்டு விழாவில் ஓடுகிறவர், தாண்டுகிறவர், சாமியானா கட்டுகிறவர் நம் பிள்ளைகள். ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். இந்த ஆண்டு அதை மாற்றிப் பாருங்கள். கபடியும் ஹாக்கியும் ஆடும் பிள்ளையிடமே ஆட்டத்தை வர்ணிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தவருக்குச் சொல் தானாக வரும்.

அரசையும் கேட்கிறோம். விளையாட்டு விடுதிகளில் ஓட்டத்தோடு மேடைப் பேச்சும் சொல்லித் தரப்பட வேண்டும். வீரரின் கால் 30 வயதில் ஓய்ந்துவிடும், நாக்கு ஓயாது. தாட்கோவின் திறன் பயிற்சிகளில் செய்தி வாசிப்பும் நிகழ்ச்சித் தொகுப்பும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்கு அவரவர் மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும். சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கிப் படிக்க நம் வீடுகளில் பணம் இல்லை. தமிழ்த் தொலைக்காட்சிகள் தங்கள் திரையிலும் செய்தி அறையிலும் எந்தெந்தச் சமூகத்தினர் இருக்கிறார்கள் என்று தாங்களே கணக்கெடுத்து வெளியிட வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பது நமக்குத் தெரியும். கணக்குச் சொல்லக் கூச்சப்படுவது ஏன் என்று கேட்க அது தடையல்ல.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூரில் எளிய குடும்பத்தில் பிறந்த கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். மைதானம் அவ்வளவு தொலைவில் இல்லை. அதற்கு அடுத்த கதவு ஒளிபரப்பு அறையின் கதவு. அந்த அறைக்குள் போனதும் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்துவிட்டு வந்தால், தண்டோராவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. உங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.