சக்கை என்று யார் சொன்னது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே, கனிமச் சத்துப் பொடி அடைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. மாதம் 1,800 ரூபாய். தினமும் காலையில் அதிலிருந்து ஒரு கரண்டியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். "இப்ப வர்ற காய்கறியில என்ன சத்து இருக்கு, சொல்லு? எல்லாம் சக்கை. மண்ணே செத்துப்போச்சு" என்கிறார். டப்பா விற்க வந்தவர் சொன்னது அது. அக்கா என்னிடம் அதைச் சொன்ன அன்று மதியம் அவர் தட்டில் இருந்தவை: குவியலாக வெள்ளைச் சோறு, சாம்பார், அதில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டீ. கொல்லையில் நின்ற முருங்கை மரத்தைக் கம்பளிப்பூச்சி வருகிறதென்று போன வருடம் வெட்டிவிட்டார்கள்.

அக்கா மீது எனக்குக் கோபமில்லை. அவர் மனதில் இந்தப் பயத்தை விதைத்து அறுவடை செய்கிறவர்கள் மீதுதான் கோபம்.

மண் செத்துவிட்டது என்ற இந்தப் பேச்சு பழைய சரக்கு. 1936-ல் ரெக்ஸ் பீச் என்ற அமெரிக்க நாவலாசிரியர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், மண்ணில் கனிமம் தீர்ந்துவிட்டது, 99 சதவீத அமெரிக்கர்களுக்குக் கனிமக் குறைபாடு என்று எழுதினார். ஃபுளோரிடாவைச் சேர்ந்த செனட்டர் ஒருவர் அதை 264-ஆம் எண் செனட் ஆவணமாக அச்சிட வைத்தார். செனட் எந்த ஆய்வும் நடத்தவில்லை. ஒரு பத்திரிகைக் கட்டுரை மறுபதிப்பானது, அவ்வளவே. ஆனால் "அமெரிக்க செனட்டே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கனிமச் சாறும் மாத்திரையும் விற்றுவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் குன்னூர் ஆய்வகத்தில் 1937-ல் தொடங்கியது. பின்னர் ஹைதராபாத்துக்குப் போன அந்த ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் பழைய பதிப்புகளில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு 7 மில்லிகிராம் இரும்பு என்று இருந்தது. அதுவே 1989-க்குப் பிந்தைய திருத்திய பதிப்பில் 0.85. இந்த இரண்டு எண்ணையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் 2017-ல் வந்த புதிய பட்டியலைப் பாருங்கள்: 4.56. பசலைக்கீரையும் அப்படியே: 10.9, பிறகு 1.14, இப்போது 2.95. செத்த மண் முப்பது வருடத்தில் உயிர்பெற்று எழுந்ததா? இல்லை. கீரையில் ஒட்டிய மண்ணிலும் இரும்பு உண்டு. அதை எப்படிக் கழுவினார்கள், எந்த முறையில் அளந்தார்கள், இலை எவ்வளவு முற்றியது, என்ன ரகம் என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். இரண்டு காலத்துப் பட்டியலை ஒப்பிட்டு "பாருங்கள், சத்து போய்விட்டது" என்கிறவர் இதைச் சொல்வதே இல்லை.

அப்படியானால் எதுவுமே குறையவில்லையா? குறைந்திருக்கிறது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவிஸ் 2004-ல் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999 கணக்குகளை ஒப்பிட்டார். இரும்பு 15 சதவீதம், கால்சியம் 16 சதவீதம் குறைவு. பார்த்த 13 சத்துகளில் ஏழில் நம்பத்தக்க மாற்றமே இல்லை. காரணமாக அவர் சுட்டியது மண்ணை அல்ல, அதிக விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களை. காய் பெருத்தது, அந்த அளவுக்குக் கனிமம் ஏறவில்லை.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து வருகிறார்கள். தானியத்தையும் மண்ணையும் வருடக் கணக்கில் சேமித்தும் வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சோதித்து 2008-ல் வெளியான முடிவு இது: தானியத்தில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் எல்லாம் 1960-கள் வரை மாறவில்லை, குட்டை ரகங்கள் வந்த பிறகுதான் இறங்கின. மண்ணிலோ அவை குறையவே இல்லை. நம் அரிசியிலும் இந்தக் கதைதான். 1960-களில் வெளியான நெல் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் துத்தநாகம். 2000-களின் ரகங்களில் 20.6. இது நிஜமான இழப்பு. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது பயிர் வளர்ப்பு ஆராய்ச்சி. டப்பா விற்பவர் அல்ல.

அதோடு, 15 சதவீத இழப்பு என்றால் ஐந்து கைப்பிடிக் கீரை போட்ட இடத்தில் ஆறு கைப்பிடி போட்டால் சரியாகிவிடும். தட்டில் என்ன இருக்கிறது என்பது அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய விஷயம். 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்பு 0.65 மில்லிகிராம்; கம்பில் 6.42. பத்து மடங்கு! கம்பையும் கீரையையும் கைவிட்டது நாம். பழியை மண்மேல் போடுகிறோம். போதாததற்குச் சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் இரும்பையும் தடுக்கிறது.

சில இடங்களில் மண் உண்மையாகவே ஏழைதான். செடிக்குத் துத்தநாகம் இல்லையென்றால் நெற்பயிரில் பழுப்புப் புள்ளி விழும், விளைச்சல் சரியும். விவசாயி அதைக் கண்டுபிடித்து ஜிங்க் சல்பேட் போடுகிறார். அயோடின் வேறு ரகம்: செடிக்கு அது தேவையில்லை, அதனால் பயிரைப் பார்த்துக் குறையை அறிய முடியாது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக்கழலை அப்படித்தான் வந்தது. உப்பில் அயோடின் சேர்த்தால் அது குறையும் என்று வி. ராமலிங்கசுவாமியும் சக மருத்துவர்களும் 1950-களில் அங்கே தொடங்கிய ஆய்வில் நிரூபித்தார்கள். குறை இன்னதென்று அறிந்து, ஊருக்கே சேரும்படி, சில பைசாச் செலவில் கொடுத்த மருந்து அது.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கனிமத்தையும் விழுங்குவது அப்படியல்ல. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அளவுக்கு மீறி எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்து நரம்பு பாதிக்கும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் அளவு தவறி செலினியம் 200 மடங்கு கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு முடி கொட்டியது, நகம் நிறம் மாறியது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது அற்பமான விஷயமில்லை. அதனால்தான் அக்காவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பாருங்கள். குறைவென்று மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் தவறாமல் விழுங்குங்கள். அங்கே அது இலவசம். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கொல்லையில் இடமிருந்தால் ஒரு முருங்கைக் கொம்பை நடுங்கள். அடுத்த மாதம் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.