பின்வாசல் ஆடிட்

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்திதான். நன்றாக ஓடுகிற கடையில்கூட மூன்று மாசத்துக்கு ஒருதரம் ஸ்டாக் சரிபார்ப்பார்கள். திருட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. போகவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளத்தான்!

இந்தப் பீடிகை, ஆசனவாய்ப் புற்றுநோய்க்காக. முகம் சுளிக்காதீங்க சார்! ஆஞ்சியோ செய்துகொண்டவர் கல்யாணப் பந்தியிலேயே எத்தனை அடைப்பு என்று பெருமையாகச் சொல்கிறார். இந்த இடம் என்றால் மட்டும் 'மூலம்' என்று முணுமுணுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறோம். நோயா, நட்சத்திரமா என்று கேட்கிறவர் குழம்பட்டுமே!

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்துப் பை கட்டிவிடுவார்கள். ஆயுளுக்கும் பைதான். அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்து டாக்டர் நார்மன் நைக்ரோ, ஆபரேஷனுக்கு முன்னால் கட்டி கொஞ்சம் சுருங்கட்டுமே என்று கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார். 1974-ல் அதைப் பற்றி எழுதினார். மூன்றே நோயாளிகள். சுருங்கும் என்று பார்த்தால், கட்டி காணாமலே போயிருந்தது! இன்றைக்குப் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை.

ஆனால் உறுப்பு அங்கேயே இருக்கிறதே? அதனால்தான் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று மாசத்தில் முதல் பரிசோதனை. அப்போது மிச்சம் தெரிந்தால் பதற வேண்டாம். கட்டி முழுசாகக் கரைய ஆறு மாசம்கூட ஆகும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பிறகு முதல் இரண்டு வருஷம், மூன்று முதல் ஆறு மாசத்துக்கு ஒருமுறை. அப்புறம் இடைவெளி கூடும். மொத்தம் ஐந்து வருஷம்.

என்ன செய்வார்கள்? ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். டாக்டர் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு குழாய், ஆனோஸ்கோப் என்று பெயர். அதன் வழியே வெளிச்சம் போட்டுப் பார்ப்பார். சில நிமிஷ வேலை. கொலனாஸ்கோப்பி மாதிரி முதல் நாளே பேதிக்குக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க நடை போட வேண்டியதில்லை.

வலிக்கவே வலிக்காது என்று புளுக மாட்டேன். கதிர்வீச்சு பட்ட இடம் இறுகிப் போயிருக்கும். 'சின்னக் குழாயா போடுங்க டாக்டர், மரத்துப்போற ஜெல்லி தடவுங்க' என்று வாய்விட்டுக் கேட்கலாம். பெண்கள், கூட ஒரு நர்ஸ் இருக்கட்டும் என்று கேட்கலாம். இதிலென்ன வெட்கம்?

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருஷத்துக்குள்தான். அந்த இடத்திலேயே சின்னதாக இருக்கும்போது பிடித்துவிட்டால், பழைய ஆபரேஷன் கைகொடுக்கும். பை கட்ட வேண்டிவரும், வாஸ்தவம். ஆனால் ஆள் இருப்பார். 'ரத்தம்தானே, மூலமாயிருக்கும்' என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடலாம்.

எங்கள் உறவில் ஒரு மாமா, இரண்டாவது செக்கப்புக்கே முரண்டு பிடித்தார். "கரண்ட் வெச்சாச்சு, சரியாப் போச்சு. மறுபடி எதுக்குப் போய்க் காட்டணும்?"

மாமி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "சரியாப் போச்சுன்னு நீங்க எப்படிப் பார்த்தேள்? கண்ணாடியிலயா?"

மாமா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.