தொலைந்த பந்தும் திரும்பும் தொலைவும்

கோல்ஃப் என்றதும் செல்வர் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பவர் நம்மிடையே உண்டு. இடப்பள்ளியில் பிழைப்புக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை நான்; அந்தக் கோலைத் தொட்டதுகூட இல்லை. ஆயினும் அவ்வாட்டத்தின் விதி ஒன்று நமக்கும் பாடம் சொல்கிறது.

கொச்சிக் காயலில், போல்காட்டித் தீவில், டச்சுக்காரர் 1744-இல் மாளிகை எழுப்பினர். இன்று அத்தீவில் கோல்ஃப் திடலும் உண்டு. அதே 1744-இல்தான் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் கோல்ஃபுக்குப் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. பந்து தொலைந்தால், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி வேறு பந்தை இடவேண்டும். எதிராளிக்கு ஓர் அடியும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது அவற்றுள் ஒன்று.

அவ்விதி அப்படியே நின்றதா? இல்லை. 1902-ஆம் ஆண்டு விதிகளின்படி, இருவர் மோதும் ஆட்டத்தில் பந்தைத் தொலைத்தவர் அந்தக் குழியையே தோற்றார். 1952-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் பொதுவிதி கண்டபோது, திரும்பும் தொலைவும் ஓரடித் தண்டனையும் உறுதியாயின. 1960-இல் அமெரிக்கர் அடித்தண்டனையை நீக்கிப் பார்த்தனர். மறு ஆண்டே கைவிட்டனர். 2019-இல் பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. அவ்வாண்டே, திடல்கள் விரும்பினால் ஏற்கத்தக்க மாற்றுவழி ஒன்றும் பிறந்தது: திரும்பிப் போகவேண்டாம், இரண்டு அடித் தண்டனை ஏற்று, தொலைந்த இடத்தருகே ஆடலாம். உயர்நிலைப் போட்டிகளுக்கு இச்சலுகை இல்லை.

இது விதியைத் தளர்த்துவதன்றோ என்பர். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அடியில் பந்து தொலைந்தால், பழைய முறையில் திரும்பிச் சென்று அடிப்பது மூன்றாம் அடி. அது நன்றாக விழுந்தால், அங்கிருந்து அடிப்பது நான்காவது. புதிய முறையிலும் அங்கிருந்து அடிப்பது நான்காவதே! தண்டனை குறையவில்லை, வீண் நடைதான் குறைந்தது.

சலுகை எளியவருக்கு மட்டும் ஏன்? பெரிய ஆட்டக்காரரின் பந்தைக் கூட்டமே கண்ணெடுக்காமல் பார்க்கிறது. தனியே ஆடுபவருக்கு அந்தக் கண்கள் ஏது? ஒரே விதி இருவர் தோளிலும் ஒரே பாரமாய் அமர்வதில்லை.

நம் படிப்பும் அவ்வாறே. வழிகாட்டத் தமையனும் தமக்கையும் உடையவர் தவறினால் தாங்குவார் உளர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, வேற்றுமொழிச் சூழலில் ஒரு தாளில் தவறியவருக்கு, ஓராண்டு திரும்புவது என்பது பலவேளை படிப்பையே விடுவதாகும். மதிப்பெண்ணை இனாமாகக் கேட்கவில்லை; தவறுக்குரிய தண்டனை இருக்கட்டும். விரைவில் மறுதேர்வு எழுதி, நின்ற இடத்திலிருந்தே முன்னேற வழி வேண்டும் என்கிறேன்.

அதுவரை நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. புதிதாய் வரும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்குவோம். பந்து விழும் இடத்தை உடனிருந்து பார்க்கும் கண் ஒன்று போதும். தொலைவது பாதியாய்க் குறையும்.