அம்மாச்சியின் தாலாட்டும் நான் போட்ட கம்ப்ரஸரும்

"இதைக் கேட்டா எந்தப் புள்ளடா தூங்கும்?"

மூணு ராத்திரி கண்முழிச்சு நான் 'சரிபண்ணி'க் குடுத்த ஒலிப்பதிவைக் கேட்டுட்டு எங்கம்மா சொன்ன விமர்சனம் இது. நான் சொல்ல வர்ற மேட்டர் மொத்தமும் இந்த ஒரு வரியில இருக்கு. மிச்சத்தைப் படிக்காட்டியும் பரவாயில்ல :-)

கதை இதான். அம்மாச்சி தாலாட்டுப் பாடுறதை, அவங்க போறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி போன்ல பதிவு பண்ணி வச்சிருந்தேன். ஆறு நிமிஷம். பின்னாடி ஃபேன் சத்தம், நடுவுல ஒரு சேவல். அக்காவுக்குக் குழந்தை பொறந்தப்ப, இதை மெருகேத்தி சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பலாம்னு கெளம்பினேன். பகல்ல பொட்டி தட்டுற வேலை, ராத்திரி மைக்கு, ஹெட்போன்னு ஒரு கிறுக்கு. ஒரு ஈக்யூ, மேல ஒரு கம்ப்ரஸர், அதுக்கும் மேல இன்னொண்ணு, கடைசியா லிமிட்டர். ஒவ்வொண்ணையும் ஆன் பண்ணும்போது "ஆஹா"ன்னு இருந்துச்சு. ஆஃப் பண்ணினா சப்புன்னு ஆயிருச்சு. அப்ப நான் செஞ்சது சரிதானே?

இல்லீங்க. அந்த "ஆஹா"தான் பிரச்சினையே.

கம்ப்ரஸர்னா எம்பி3 மாதிரி ஃபைல் அளவைக் குறைக்கிறது இல்ல. ராத்திரி படம் பாக்கும்போது அப்பா ரிமோட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு, சண்டை வந்தா வால்யூமைக் குறைச்சு, வசனம் வந்தா கூட்டுவார் இல்லையா? அந்த அப்பாதான் கம்ப்ரஸர். ஒரு எல்லைக்கு மேல சத்தம் போனா அமுக்கும். ரேஷியோ 4:1னு வச்சா, எல்லையை 8 டெசிபல் தாண்டின சத்தம், வெளிய வரும்போது 2 டெசிபல்தான் தாண்டியிருக்கும். இப்படி அமுக்கினதால மொத்தமும் சன்னமாயிருச்சே, அதை ஈடுகட்ட 'மேக்கப் கெய்ன்'னு ஒண்ணை வச்சு எல்லாத்தையும் சேத்துத் தூக்கிவிடுவாங்க. சில ப்ளக்இன்ல இது தானாவே நடக்கும்.

வில்லங்கம் இங்கதான். நீங்க ஆன் பண்ணின உடனே ரெண்டு விஷயம் ஒண்ணா மாறுது. ஒண்ணு, பாட்டோட ஏற்ற இறக்கம். இன்னொண்ணு, மொத்த சத்தம். காதுக்கு எது பிடிச்சுச்சுன்னு உங்களுக்கே தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, வேற வேற மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டு "இந்தக் கோடுதான் வேகம்"னு சொல்ற மாதிரி. அப்படி ஒரு ரிப்போர்ட் ஆபீஸ்ல குடுத்தா டீம் லீடு என்ன செய்வார்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்குப் பின்னாடி பழைய விஞ்ஞானம் ஒண்ணு இருக்கு. 1933ல பெல் ஆய்வகத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் மனுஷக் காதை அளந்து பாத்தாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது நடு ஸ்தாயி அளவுக்கு அடிக் கனமும், ஓரளவுக்கு உச்சியும் நம்ம காதுல விழாது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அதெல்லாம் மேல எழும்பி வரும். அதாவது வால்யூமைக் கொஞ்சம் தூக்கினாலே அடியில கதகதப்பு, மேல தெளிவு ரெண்டும் இலவசமா வந்துரும். ப்ளக்இன் விளம்பரத்துல எல்லாம் என்ன ரெண்டு வார்த்தை போடுறாங்கன்னு பாருங்க. கதகதப்பு, தெளிவு! ஒண்ணு ஒன்றரை டெசிபல் கூடினா, "சத்தம் கூடிருச்சு"ன்னு தோணாது. "நல்லாருக்கு"ன்னுதான் தோணும். எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

இந்த ஏமாத்து பெரிய ஆளுங்களையும் விட்டு வைக்கல. மெட்டாலிகாவோட 'டெத் மேக்னடிக்' ஆல்பம் 2008ல வந்தப்ப, சிடியில எல்லாம் ஒரே மட்டத்துக்கு நசுங்கி, டிரம்ஸ் கரகரன்னு கிழிஞ்சுது. அதே பாட்டுங்க 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேம்ல நசுங்காம இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. மறுபடி மிக்ஸ் பண்ணித் தாங்கன்னு இணையத்துல கையெழுத்து வேட்டையே நடந்துச்சு. காசு குடுத்து வாங்கின சிடியை விட கேம்ல பாட்டு நல்லாருந்தா கடுப்பாகாதா?

இன்னைக்கு அந்தச் சத்தப் போட்டிக்கு அர்த்தமே இல்ல. ஸ்பாட்டிஃபை வழக்கமா எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். பக்கம் கொண்டு வந்து சமன் பண்ணிருது. யூடியூபும் சத்தமான பாட்டைக் குறைச்சுருது. நீங்க நசுக்கி எடுத்த சத்தத்தை அவன் திருப்பிக் குறைச்சுருவான். நசுங்கினது மட்டும் நசுங்கினதுதான்.

அம்மாவோட அந்த ஒத்தை வரிக்கப்புறம் உக்காந்து அளந்து பாத்தேன். மூலப் பதிவுல முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் கிட்டத்தட்ட 15 டெசிபல் வித்தியாசம். என் கைவண்ணத்துக்கு அப்புறம் 4. அம்மாச்சி சத்தமாத்தான் ஆரம்பிப்பாங்க. புள்ள கண்ணு சொருகச் சொருக குரலை இறக்கிக்கிட்டே போவாங்க. கடைசியில பாட்டு பாதி, மூச்சு பாதி. அந்த இறக்கம்தாங்க தாலாட்டு. நான் என்ன செஞ்சேன்? கடைசி வரியை முதல் வரி மட்டத்துக்குத் தூக்கிவிட்டு, கூடவே ஃபேனையும் சேவலையும் தூக்கிட்டேன். புள்ள தூங்கினதுக்கு அப்புறம் காதுக்குள்ள வந்து கத்துற அம்மாச்சி!

அதுக்காக கம்ப்ரஸரே ஆகாதுன்னு சொல்ல வரல. பஸ்ல போன் ஸ்பீக்கர்ல கேக்குறவனுக்கு பேச்சு புரியணும்னா கொஞ்சம் அமுக்கத்தான் வேணும். மைக்கை விட்டு விலகி விலகிப் பாடுறவங்களுக்கு அது வரப்பிரசாதம். மிருதங்கத்துக்கு அட்டாக்கை 30 மில்லிசெகண்ட் வச்சா விரல் விழற அடி தப்பிச்சு வெளிய வரும். 1 மில்லிசெகண்ட் வச்சா அடி செத்து, தோலோட முனகல்தான் மிஞ்சும். ஒரே பொட்டி, ரெண்டு விளைவு. என்ன கிடைக்குது, என்ன போகுதுன்னு தெரிஞ்சு போடணும். அவ்ளோதான்.

தெரிஞ்சுக்க நான் இப்ப செய்றது இது:

1. ஆன், ஆஃப் ரெண்டுலயும் சத்தத்தை ஒண்ணாக்குறேன். உச்ச அளவைப் பாத்து இல்ல, எல்.யு.எஃப்.எஸ். மீட்டரைப் பாத்து. பாதி "ஆஹா" இங்கயே செத்துரும்.

2. கண்ணை மூடிக்கிறேன். ஒருதடவை 1176ங்கிற 1967ம் வருஷத்துக் கருவியோட மென்பொருள் நகல்ல, அட்டாக் குமிழை 7ல வச்சு "மெதுவா இருக்கு, இதமா இருக்கு"ன்னு ஒரு மாசம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுல 7தான் இருக்கிறதுலயே வேகமாம்! கேட்டது காது இல்ல, கண்ணு.

3. நண்பனை மாத்தி மாத்திப் போடச் சொல்லி, எது எதுன்னு 10 தடவை கண்டுபிடிக்கப் பாக்குறேன். குருட்டாம்போக்குல 9 அல்லது அதுக்கு மேல சரியா வர வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். நான் காசு போட்டு வாங்கின 'கதகதப்பு' ப்ளக்இன்ல எனக்கு வந்தது 6. காசைச் சுண்டினாலே 5 வருமேய்யா!

4. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்து, ஒண்ணைத் தலைகீழாக்கி ரெண்டையும் கூட்டுறேன். மிஞ்சுறதுதான் ப்ளக்இன் செஞ்ச வேலை. தாலாட்டுக்கு அப்படிப் பாத்தப்ப அந்த மிச்சத்துல அம்மாச்சியோட மூச்சு இருந்துச்சு.

நல்லவேளை, மூலப் பதிவை அழிக்கல. ஃபேன் சத்தத்தை மட்டும் லேசாக் குறைச்சு, வேற எதுவும் தொடாம அம்மாகிட்ட மறுபடி குடுத்தேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. திரும்ப முதல்ல இருந்து போடச் சொன்னாங்க. அக்கா மகன் ரெண்டாவது நிமிஷமே தூங்கிட்டான். அவனுக்கு எந்த மீட்டரும் தேவைப்படல.

டிஸ்கி: பழைய வெர்ஷனை வாட்ஸப்புல வாங்கின சித்தப்பா, "அதுதான்டா சத்தமா, நல்லா இருந்துச்சு"ன்னு இன்னும் சண்டை போடுறார். இவ்வளவும் எழுதினது அவருக்காகத்தான் :-)